பிறந்த இடம்: அரசு ஆஸ்பத்திரி

"ஆஸ்பத்திரியைத் திறந்தது ஜூன் மாசம். இந்தம்மா அங்கே பிறந்தது அதே வருஷம் பிப்ரவரியிலயாம். திறக்காத ஆஸ்பத்திரியில குழந்தை எப்படிங்க பிறக்கும்?"

எதிர்க்கட்சி வக்கீல் கேட்டதும் தேர்தல் விசாரணை ஹாலில் எல்லோரும் சிரித்தார்கள்.

பிறப்புப் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு சாட்சி நாற்காலியில் உட்கார்ந்திருந்த குமாஸ்தாவும் சிரித்துவிட்டார். கண்டுபிடித்ததே அவர்தானே. பதிவு அலுவலகத்தில் அவருக்கு 'பூதக்கண்ணாடி' என்று பெயர். ஒரு புள்ளி இடம் மாறி இருந்தாலும் பிடித்துவிடுவார். ஜனாதிபதி வேட்பாளரின் பிறப்புப் பதிவுக்கு நகல் கேட்டு அந்த வக்கீல் வந்தபோது, கேட்டதைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். இவர்தான் விரலை வைத்துக் காட்டினார், "சார், இந்தத் தேதியைக் கவனிச்சீங்களா?" என்று.

சட்டத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை. ஜனாதிபதி ஆக வேண்டுமானால் இந்த மண்ணில் பிறந்திருக்க வேண்டும். ஆற்றுக்கு அக்கரையில், பக்கத்து நாட்டில் பிறந்திருந்தால், இங்கேயே வளர்ந்து நீதிபதியாக இருந்தவரானாலும் முடியாது.

தேர்தல் அதிகாரி நிமிர்ந்தார். "அம்மா, நீங்க பதில் சொல்லலாம்."

வேட்பாளரான நீதிபதியம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த ஜூனியர் வக்கீல் வேகமாக எழுந்தாள். "பதிவேட்டுல மத்த வரிகளையும் படிக்கச் சொல்லுங்க ஐயா. அதுல எங்களுக்குச் சாதகமா..."

நீதிபதியம்மா அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"பதில் எதுவும் இல்லை. வேட்பு மனுவை வாபஸ் வாங்கிக்கறேன்."

"காரணம் எழுதணுமே?"

"ஒண்ணுமில்லைன்னு எழுதிக்குங்க. விசாரணை முடிஞ்சதுன்னா அந்தப் பதிவேட்டை மூடிடலாம் இல்லையா?"

அதிகாரி தலையாட்டினார். பூதக்கண்ணாடி பதிவேட்டை மூடினார்.

வாசலில் கூடியிருந்தவர்கள் "பொய்க்காரி" என்று கத்தினார்கள். யாரோ வீசிய தண்ணீர் பாட்டில் அந்தம்மாவின் தோளில் பட்டுத் தெறித்தது. யார் வீசினார்கள் என்று அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பூதக்கண்ணாடிக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் முதுகில் தட்டிக்கொடுக்க ஆபீஸ் ஆட்கள் வரிசையில் நின்றதில் அது மறந்துபோனது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது, டீச்சர் வேலை பார்க்கும் மனைவி பள்ளிக்கூடத்துக்கே போகாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். டி.வி. சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"பார்த்தியா? மூணு சேனல்ல என் முகம்."

"பார்த்தேன்."

"அவ்வளவு பெரிய நீதிபதி, ஒரு வார்த்தை பேச முடியலை. பேசறதுக்கு என்ன இருக்கு?"

"அடுத்த பக்கத்தைத் திருப்பிப் பார்த்தீங்களா?"

"எதுக்கு? எனக்கு வேண்டிய வரி கிடைச்சாச்சே."

"அந்தப் பக்கத்துல எங்க அப்பா பேர் இருக்கும்."

சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"அக்கரையில கலவரம் வந்தப்போ ஒரு படகு நிறைய ஜனங்க தப்பிச்சு வந்தாங்களாம். அதுல கைக்குழந்தைங்க மட்டும் பதினேழு. அதுங்க நாடு இல்லாம நிக்கக்கூடாதுன்னு, ஆஸ்பத்திரி திறந்தப்புறம் ஒரு நர்ஸம்மா எல்லாமே இங்கே பிறந்ததா எழுதிக் கொடுத்தாங்க. இடத்தை மாத்தினாங்க, தேதியை மாத்த மறந்துட்டாங்க. எங்கம்மா சாகறதுக்கு முன்னாடி சொன்னாங்க. அந்தப் பதினேழுல ஒண்ணு நான். இன்னிக்குக் காலையில டி.வி.யில தேதியைச் சொன்னப்பதான், அவங்களும் எங்க படகுன்னே எனக்குத் தெரிஞ்சது."

"என்கிட்ட ஏன் இத்தனை நாளா சொல்லலை?"

"சொல்லியிருந்தா நீங்க சும்மா இருந்திருப்பீங்களா?"

இருபத்தெட்டு வருஷம் கூடவே குடித்தனம் நடத்தியவள் கேட்கிறாள். 'இருந்திருப்பேன்' என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். சொல்ல முடியவில்லை.

அவளே பேசினாள். "இத்தனை வருஷமா பதினேழு பேரையும் குடிமக்களா வச்சிருந்துட்டு என்னை மட்டும் எப்படித் தள்ளுவீங்கன்னு அவங்க கேட்டிருக்கலாம். ஜெயிச்சும் இருக்கலாம். ஆனா அதுக்கு மத்த பதினாறு பேரையும் காட்டிக் கொடுக்கணும். ஒருவேளை தோத்துட்டா? ரிட்டயர் ஆக எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. வேலை போகும், பென்ஷன் போகும். எந்த நாட்டுக்குப் போவேன் நான்?"

"அவங்களுக்கு உன்னைத் தெரியுமா?"

"என் பேர்கூடத் தெரியாது."

பூதக்கண்ணாடி கட்டிலின் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தார். காலையில் ஹாலில் தான் சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்தது.

"நான் போய் அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடறேன்."

"போங்க. வாசல்ல கேமராவோட நிப்பாங்க. எதுக்கு மன்னிப்புன்னு கேட்பாங்க. என்ன சொல்வீங்க?"



செல்போன் அடித்தது. டி.வி.க்காரர்கள்.

"சார், நேரலையில இருக்கீங்க. உங்களாலதான் இன்னிக்கு நாடு தப்பிச்சதுன்னு ஜனங்க பேசிக்கறாங்க. ஒரே ஒரு கேள்வி. அவங்க ஏன் வாயே திறக்காமப் போனாங்க? பொய் சொன்னவங்க வேற என்ன செய்ய முடியும், அப்படித்தானே?"

டி.வி.யில் அந்தம்மா நனைந்த தோளோடு காரில் ஏறுவதைத் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தார்கள். எதிரில் மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், கேட்குதா? பொய் சொன்னதாலதானே?"

குமாஸ்தா கண்களை மூடிக்கொண்டார்.

"ஆமாங்க," என்றார்.