டீச்சரம்மாவின் நசுங்கின வண்டி

அடுக்குமாடிக் கட்டடத்தின் பார்க்கிங்கில் குட்டி போட்டிருந்த பூனைக்குக் கார் என்றால் உயிர். புதிதாக வந்த பெரிய காரின் பானட்டில் படுத்துக்கொண்டு அளந்துகொண்டிருந்தது.

"தகடு என்ன கனம்! கதவு சாத்தினா சத்தமே இல்லை. கம்பெனிக்காரன் செலவையே பார்க்கலை. குட்டிகளை இன்னிக்கே இதுக்கு அடியில கொண்டுவந்துடுவேன்."

"அடியில வந்து பாரு. கண்ணுக்குத் தெரியாத இடத்துல எல்லாம் மிச்சம் பிடிச்சிருக்கான்," என்றது காருக்கு அடியில் படுத்திருந்த நாய். "எனக்குப் பக்கத்துல நிக்கிற டீச்சரம்மாவோட நசுங்கின வண்டிதான் ஒசத்தி."

"அந்தத் தகர டப்பாவா!" பூனைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

அதற்குள் புதுக் காரின் சொந்தக்காரர் போனில் பேசிக்கொண்டே வந்து ஏறினார். ஒரே உறுமலில் கார் கிளம்பியது. பூனை தாவிக் குதித்தது. நாயின் வால் மயிரிழையில் தப்பியது.

சற்று நேரத்தில் டீச்சரம்மா வந்தார். தன் வண்டியின் பானட்டைத் தட்டினார். குனிந்து அடியில் பார்த்தார். "யாராவது இருந்தா வந்துடுங்கப்பா, கிளம்பப் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்து நின்றார்.

பூனை கண் கொட்டாமல் பார்த்தது.

மாலையில் அந்த வண்டி திரும்பி வந்ததும், பூனை குட்டிகளை ஒவ்வொன்றாக அதற்கு அடியில் தூக்கி வந்தது.

"தகர டப்பாவாச்சே?" என்றது நாய்.

வாயில் குட்டி இருந்ததால் பூனையால் பதில் சொல்ல முடியவில்லை.