முதல் முடி

"பையன் முடியைக் கேட்டப்ப சிரிச்சிகினே குடுத்தியே பானு. உன் முடியில நாலு இழை கேட்டா மட்டும் ஏம்மா மூஞ்சியைத் திருப்பிக்கிற?"

"வேணாம் மேடம். இது வேண்டுதல் முடி. கத்திரி படக்கூடாது."

ஆஸ்மா கத்திரியைப் பைக்குள் போட்டாள். நிலத்தடி நீரில் ஆர்சனிக் எங்கெங்கே கலந்திருக்கிறது, மனித உடம்பை அது என்ன செய்கிறது என்று வருடக்கணக்காக ஆராய்ந்து வருகிறவள். ஆர்சனிக் வேறொன்றுமில்லை, நம் ஊரில் பாஷாணம் என்கிறோமே, அதன் சரக்குதான். தண்ணீரில் கரைந்தால் நிறம் தெரியாது, ருசியும் மாறாது. ஆனால் குடித்தவர் முடியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அதனால்தான் திருத்தணி மலையில், மொட்டை அடிக்கும் மண்டபத்து வாசலில் நின்று, முதல் மொட்டைக்கு வரும் குழந்தைகளின் பெற்றோரிடம் ஒரு சிட்டிகை முடி கேட்டு வாங்கினாள். சாமிக்குப் போகிற முடியைக் கேட்க முதலில் தயக்கமாகத்தான் இருந்தது. அவள் வீட்டிலும் பிள்ளை பிறந்த ஏழாம் நாள் முடி இறக்குகிற வழக்கம் உண்டு, முதல் முடியின் அருமை தெரியும். ஆனால் கேட்டவர்கள் யாரும் இல்லையென்று சொல்லவில்லை.

அப்படிக் கிடைத்ததுதான் பானுப்ரியாவின் ஒரு வயதுப் பையனுடைய முடி. சோதனை முடிவைக் கையோடு எடுத்துக்கொண்டு இன்று அவர்கள் ஊரான அம்மையார்குப்பத்துக்கே வந்துவிட்டாள். பக்கத்து வீட்டில் தறி தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"இங்க பாரு," என்று போனில் ஒரு படத்தைக் காட்டினாள். "இது அடி முடி. பொறந்தப்புறம் வளர்ந்தது, சுத்தமா இருக்கு. இந்த நுனி, இவன் வயித்துக்குள்ள இருந்தப்ப முளைச்சது. இதுல பாஷாணம் இருக்கு."

"வயித்துல இருந்தப்ப நடந்ததக்கூட முடி சொல்லுமா மேடம்?"

"சொல்லுதே! அம்மா குடிச்ச தண்ணியை ஞாபகம் வச்சிகினு வெளிய வருது."

சொல்லும்போதே ஆஸ்மாவுக்கு உடம்பு சிலிர்த்தது. எத்தனையோ முடியைச் சோதித்துப் பார்த்துவிட்டாள். இந்த ஆச்சரியம் மட்டும் அவளுக்கு இன்னும் பழகவில்லை. கண்கூடத் திறக்காத சிசு, தாய் குடித்த தண்ணீருக்குச் சாட்சி சொல்லுகிறது. இதை என்னவென்று சொல்வது?

"புள்ளைக்கு எதுனா ஆயிடுமா?" பானுப்ரியா பையனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எங்க டாக்டர் பார்த்துட்டாரு, நல்லா இருக்கான். இப்ப நல்ல தண்ணி குடிக்கிறான். என் கவலையெல்லாம் அந்தக் கெட்ட தண்ணி எங்க இருக்குன்றதுதான். இன்னிக்கும் யாரோ அதைக் குடிச்சிகினு இருப்பாங்க இல்ல?"

பானுப்ரியா பையனின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் ரெஸ்ட் எடுக்கச் சொன்னாருன்னு மூணாம் மாசமே அரக்கோணத்துல அம்மா வீட்டுக்குப் போயிட்டேன்னு சொன்ன. அங்கயும் போய்ப் பார்த்துட்டேன், இங்கயும் பார்த்துட்டேன். ரெண்டு ஊர்லயும் தண்ணி சுத்தம். அப்ப இது வானத்துலேர்ந்து குதிச்சுதா?"

கேட்டபோதே ஆஸ்மாவுக்குப் பொறி தட்டியது. கல்யாணமாகிப் பல வருடம் கழித்து வந்த பிள்ளை இது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கொழந்தை நிக்கணும்னு பஸ்பம், செந்தூரம்னு யார்கிட்டயாவது வாங்கிச் சாப்பிட்டியா? சரியா சுத்தி பண்ணாத மருந்துல பாஷாணம் இருக்கும். வீட்டுக்காரருக்குத் தெரியாம சாப்பிட்டிருந்தாலும் நான் சொல்ல மாட்டேன். உனக்கு இடுப்பு வரைக்கும் முடி. அந்த மாசத்து முடி இன்னும் உன் தலையிலதான் இருக்கு. நாலு இழை குடுத்தா எல்லாம் தெரிஞ்சிடும்."

"எல்லாம் தெரிஞ்சிடுமா?"

பானுப்ரியா பின்னலை முன்னால் இழுத்து இறுகப் பிடித்துக்கொண்டாள். முகம் வெளுத்துவிட்டது. மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம் என்று நினைத்துக்கொண்டு ஆஸ்மா எழுந்தாள். கோபமாகவும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"சரிம்மா, நான் வற்புறுத்தல. மருந்தா இருந்தா உன்னோட போச்சு. தண்ணியா இருந்தா, அந்த ஊர்ல மாசமா இருக்கற ஒவ்வொருத்தி வயித்துக்கும் போய்க்கினு இருக்கும். அவ்ளோதான் சொல்லுவேன்."

வாசலில் செருப்பை மாட்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"மேடம்... மாசமா இருக்கறவங்க இப்ப தண்ணிய மாத்திட்டாங்கன்னா, உள்ள இருக்கற புள்ளைக்கு நல்லதுங்களா?"

ஆஸ்மா திரும்பி அவள் வயிற்றைப் பார்த்தாள். கோபமெல்லாம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஆங், ரொம்ப நல்லது. ஏன், விசேஷமா? நீ பயப்படாத, இங்க தண்ணி நல்லாத்தான் இருக்கு."

பானுப்ரியா தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். தறிச் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது. இருந்தாலும் பையனைத் தூக்கி மார்போடு அணைத்து, ஒன்றும் புரியாத அந்தப் பிள்ளையின் காதை உள்ளங்கையால் பொத்தினாள்.

"என் முடியில ஒண்ணும் இருக்காதுக்கா. இந்தத் தெருவுக்கே தெரியாது... இவனை நான் பெக்கல. ஸ்டேட் பார்டருக்கு அந்தாண்ட கட்டிக் குடுத்திருக்கற என் தங்கச்சி பெத்துக் குடுத்தா."

ஆஸ்மா மலைத்துப்போய் நின்றாள். ஒரு சிட்டிகை முடி, மலையைத் தாண்டிப் பெற்றவளின் ஊருக்கே வழி காட்டிவிட்டதே!

"இப்பவே கிளம்பலாங்கா, நானே இட்டுகினு போறேன்," என்றாள் பானுப்ரியா, கண்ணைத் துடைத்தபடி. "அவ இப்ப மறுபடியும் மாசமா இருக்கா."