இரவல் மூச்சு

கெட்டவர்களின் ரத்தத்தை மட்டும் குடித்து ஊரைத் திருத்தும் ரத்தக்காட்டேரியின் கதை அது. அந்த ஒலிப்புத்தகப் பதிவில், வாசிப்பவர் பலமாக மூச்சிழுக்கும் சத்தங்களை வெட்டி எறிவது என் வேலை. தேடிப் பார்த்தால் வெட்ட மட்டுமல்ல, விட்டுவைக்கவும் ஒரு மூச்சுகூட இல்லை.

வாசித்தவரையே கேட்டேன். “என்ன சார், மூச்சே விடாம படிச்சிருக்கீங்க? கேக்குறவங்க பயந்துடுவாங்க.”

“உங்க மூச்சைக் கொஞ்சம் சேத்து விடுங்களேன், தம்பி.”

“சும்மாவா?”

“நீங்க தனிக்கட்டைதானே? வீட்ல அதுக்கு என்ன வேலை?”

பேரம் அங்கேயே படிந்துவிட்டது. என் மூச்சைப் பதிவுசெய்து வாக்கியங்களுக்கு நடுவே ஒட்டினேன். புத்தகம் சக்கைப்போடு போடுகிறது.

வீட்டில்தான் ஒரே நிசப்தம். முன்பெல்லாம் படுத்தால் என் மூச்சுச் சத்தமாவது துணைக்கு இருக்கும். இப்போது அதைக் கேட்க, காட்டேரிக் கதையைத்தான் போட வேண்டியிருக்கிறது.