வலது முழங்கால்

"விருந்துக்கு இந்த ஆளையுமா கூப்பிட்டீங்க?"

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வாகிமானின் காதில் விழுந்தது. கேட்டவள், விருந்து கொடுக்கும் யூலியுஸின் மாமியார்.

"எங்க மாப்பிள்ளை கால்ல ஒன்பது தையல். அத்தனையும் இந்தக் கசாப்புக்காரன் புண்ணியம்."

"பதினொண்ணும்மா," என்றான் வாகிமான் பணிவாக. "ரெண்டு உள்தையல்."

மனைவி சுமியாத்தி அவன் பாத்திக் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இருங்க. வேலை கேட்டு வந்திருக்கோம்."

வாகிமான் பதினாறு வருஷம் ஜாவா முழுக்கக் கால்பந்து ஆடியவன். கடைசி வரிசைத் தடுப்பாட்டக்காரன். மொத்தம் மூன்று கோல் போட்டான்; மூன்றும் தன் அணியின் வலைக்குள். மூன்று பிள்ளைகள் பிறந்தபோதும் மனைவி பக்கத்திலேயே இருந்தான். மூன்று தடவையும் சிவப்பு அட்டை வாங்கி, ஆடத் தடை. இதையெல்லாம் அவனே ஊருக்குச் சொல்லிச் சிரிப்பான். அடுத்தவன் சொல்வதற்குள் தானே சொல்லிவிட்டால் வலி கொஞ்சம் குறையும் என்பது அவன் கண்ட வைத்தியம்.

அவனுடைய அணியைக் கலைத்து இரண்டு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து வேலை இல்லை.

இன்றைய விருந்து, கோல் மன்னன் யூலியுஸ் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெறுவதற்காக. நாளை முதல் அவன்தான் உள்ளூர் அணிக்குப் பயிற்சியாளர். தடுப்பாட்டம் சொல்லித்தர அவனுக்கு ஓர் ஆள் வேண்டும். அந்த இடத்துக்குத்தான் வாகிமான் மனுப் போட்டிருந்தான். அந்த அணியை நடத்தும் சங்கத்தின் தலைவர் அதைப் படித்துவிட்டு, "நாம கசாப்புக் கடைக்கு ஆள் எடுக்கலையே" என்றாராம்.

கூடத்தின் நடுவில் மஞ்சள் சோற்றைக் கூம்பாகக் குவித்து வைத்திருந்தார்கள். விருந்து கொடுக்கிறவர் அதன் உச்சியை வெட்டி, தான் பெரிதும் மதிக்கிறவருக்கு முதலில் தர வேண்டும். சங்கத் தலைவர் சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே எழுந்து நின்றார்.

யூலியுஸ் உச்சியை வெட்டித் தட்டில் வைத்தான். தலைவரைத் தாண்டினான். மாமியாரையும் தாண்டினான். கடைசி மூலையில் உட்கார்ந்திருந்த வாகிமான் முன்னால் வந்து நின்றான்.

"எனக்கு இருபத்திரெண்டு வயசுல வலது முழங்கால்ல ஆபரேஷன்," என்றான் எல்லோருக்கும் கேட்கும்படி. "அதுல ஒரு உதை விழுந்திருந்தா என் ஆட்டம் அன்னிக்கே முடிஞ்சிருக்கும். இது எல்லா டீமுக்கும் தெரியும். வாகிமான் அண்ணன் எட்டு வருஷம் எனக்கு எதிரா ஆடினாரு. அடிச்சதெல்லாம் இடது கால்ல. வலது முழங்கால ஒரு தடவைகூடத் தொட்டதில்ல."

மாமியார் முந்தானை நுனியால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

"நான் அப்பவே நினைச்சேன்," என்றார் தலைவர், உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல். "வாகிமான், நாளைக்கே வந்து சேர்ந்துடுங்க."

"என்கிட்டகூடச் சொல்லலையே நீங்க," என்றாள் சுமியாத்தி. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை அவ்வளவு பெருமையோடு பார்த்ததே இல்லை.

வாகிமான் ஒரு கவளம் எடுத்தவன், அதைத் தட்டிலேயே திரும்ப வைத்தான்.

யூலியுஸுக்கு எதிரான ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் அவனுடைய பயிற்சியாளர் காதோடு சொல்லியனுப்புவது ஒன்றுதான்: "வலது முழங்கால். மறந்துடாதே." அவன் மறக்கவே இல்லை. சிக்கல் வேறு. எதிரே வருகிறவனின் வலது கால் நம் இடது பக்கம் இருக்கும். அதை அடிக்க நம் இடது கால் வேண்டும். வாகிமானின் இடது கால் பேருந்தில் ஏறுவதற்கு மேல் எதற்கும் உதவியதில்லை. இரண்டு தடவை வீசிப் பார்த்தான். இரண்டு தடவையும் தானே மல்லாந்து விழுந்தான். ஊரே சிரித்தது, அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான்.

பேசாமல் விழுங்கிவிட்டால் நாளைக்கு வேலை. வாயைத் திறந்தால் அதுவும் போச்சு, சுமியாத்தியின் அந்தப் பார்வையும் போச்சு.

தட்டைத் தள்ளி வைத்தான். பிறகு எழுந்து கொல்லைப்புறம் போனான். யூலியுஸ் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தான்.

"தம்பி, நீ ஆளைத் தப்பா நினைச்சுட்ட."

"என்னண்ணே?"

"நான் நல்லவன் இல்லப்பா. எட்டு வருஷமும் உன் வலது முட்டிக்குத்தான் குறி வச்சேன். எனக்கு இடது கால் வராது, அதனால நீ பொழச்ச. அவ்வளவுதான் விஷயம். என்னை மன்னிச்சிரு. இந்த வேலைய வேற யாருக்காவது குடு."

யூலியுஸ் குழாயை மூடினான். கைக்குட்டையை எடுத்து நிதானமாகக் கையைத் துடைத்தான்.

"தெரியும்ணே. என் வலது முட்டியவே முறைச்சுக்கிட்டு ஓடி வருவீங்க. எட்டு வருஷம் எதிர்ல நின்னவனுக்கு அதுகூடவா தெரியாது?"

வாகிமான் அவனை நிமிர்ந்து பார்த்தான்.

"தெரிஞ்சுமா அத்தனை பேர் முன்னாடி அப்படிச் சொன்ன?"

"ஆமாண்ணே. முட்டியத் தொடாத மனுஷன்னு இனிமே ஊரே உங்களச் சொல்லும். அந்தப் பேர வச்சுக்கிட்டு, எவன் முட்டியையாவது உடைன்னு நாளைலேர்ந்து நீங்க பழக்கப்போற நம்ம பசங்ககிட்டச் சொல்ல உங்களுக்கு வாய் வருமா?"