தனியாக ஜப்பானுக்கு

அறுபத்தெட்டு வயது தனேஸ்வரி கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு, ஃப்ரீசர் கதவைத் திறந்துவைத்து அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார். வெளியே மலேசியாவின் கோலா சிலாங்கூர் வெயில் மண்டையைப் பிளந்தது.

"என்னம்மா பண்றீங்க?" என்று பதறினான் மகன் தேவன்.

"ஜப்பான் குளிருக்குப் பழகுறேன்லா. வெள்ளிக்கிழமை போவணும்ல?"

ஃப்ரீசருக்குள் பாகான் நக்கோடா ஓமார் மீனவக் கிராமத்திலிருந்து வாங்கிவந்த இறால் பை பையாக இருந்தது. ஊருக்குப் போகிற நேரத்தில் இத்தனை இறால் எதற்கு என்று தேவன் கேட்கவில்லை. அவன் கவலை அவனுக்கு.

அந்தக் குடும்பத்தில் யாரும் எங்கேயும் தனியாகப் போனதாகச் சரித்திரமே கிடையாது. ஒருத்தருக்குப் பல் பிடுங்க வேண்டுமென்றால் கிளினிக்குக்கு ஒரு வேன் ஆள் போகும். இதில் அம்மா, நாலு நாள், தன்னந்தனியாக, பாஷை தெரியாத தேசத்துக்கு! தேவனுக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை.

"அக்கா, அங்க பூகம்பம் வரும்லா. வந்தா உன்ன யாரு தூக்குவா?" என்றார் சின்னையா. சுங்கை பெசாரில் சொந்த வீடு இருந்தும் பாதி நாள் இங்கேயே கிடக்கும் தம்பி அவர்.

"ஜப்பான்காரன் தூக்குவான். உன் இடுப்புவலியோட நீ வந்தா, உன்னையும் சேத்துத்தான் தூக்கணும்."

"நான் வேணா கூட வரேன் அத்தை" என்று இழுத்தாள் மருமகள் துளசி.

"ஒருத்தரும் வரக் கூடாது! எஸ்டேட் ஆயாக்கொட்டகையில முப்பது வருசம் ஊரு பிள்ளைங்க அழுகைய கேட்டேன். வீட்டுக்கு வந்தா உங்க சத்தம். சாவறதுக்கு முன்னாடி ஒரு நாலு நாளாச்சும் நான் தனியா இருக்கணும். அவ்வளவுதான்."

அம்மா ஃப்ரீசர் கதவைப் படாரென்று சாத்தினார்.

அன்று சாயந்திரம் அம்மா தேவனைத் தனியே கூப்பிட்டு, "உன்கிட்ட மட்டும் சொல்றேன், வெள்ளிக்கிழமை காலைல பத்து மணி ஃப்ளைட்டு" என்றார். அவனுக்கு அப்போதே யோசனை பிறந்துவிட்டது. யாருக்கும் தெரியாமல் அதே விமானத்தில் தனக்கும் ஒரு டிக்கெட் போட்டான். நாலு வரிசை தள்ளி உட்கார்ந்தால் அம்மாவுக்குத் தெரியவா போகிறது?

துளசியிடம் ஜொகூரில் வேலை என்று புளுகினான். அவளும் தன் அம்மா வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை வழக்கம்போல வாடகை வேனில் வழியனுப்பப் போனார்கள். விமான நிலையத்தில் பின்கதவைத் திறந்தால், ஒரு பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் நாலு பெட்டி! தேவன் துளசியைப் பார்த்தான். துளசி சின்னையாவைப் பார்த்தாள். மூவரும் தேள் கொட்டிய திருடர்களாக முழித்தார்கள். மூவரிடமுமே "உன்கிட்ட மட்டும்" என்றுதான் சொல்லியிருந்தார் அம்மா.

"என்னத் தனியா விட மாட்டீங்க, அப்படித்தானே?" என்று சிடுசிடுத்தபடி அம்மா கைப்பையைத் திறந்தார். துழாவினார். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயையோ, பாஸ்போர்ட்டு! சாமி மேடையிலயே வச்சிட்டு வந்துட்டேனே!"

வீட்டுக்குப் போய்த் திரும்ப நேரமில்லை. யாருமே போக வேண்டாம் என்றான் தேவன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"டிக்கெட்ட வீணாக்காதீங்கய்யா. எனக்குப் பதிலா நீங்களாச்சும் பாத்துட்டு வாங்க." பிடித்துத் தள்ளாத குறையாக மூவரையும் உள்ளே அனுப்பிவைத்தார்.

தேவனுக்கு மனசு ஆறவில்லை. பாவம், எவ்வளவு ஆசையாகக் கிளம்பினார்! விமானம் ஏறும் வாசலில் இருந்த பெண்ணிடம், அம்மாவின் டிக்கெட்டை அடுத்த வாரத்துக்கு மாற்றித்தரச் சொல்லிக் கெஞ்சினான். அவள் கணினியைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். அவன் பதறிப்போய் அம்மாவுக்குப் போன் போட்டான்.

"அம்மா, உங்க பேருல டிக்கெட்டே இல்லேங்கிறாங்கம்மா!"

மறுமுனையில் வேன் ஓடும் சத்தம் கேட்டது. அம்மாவின் குரல் நிதானமாக வந்தது.

"வீட்டுல தனியா இருக்கிறதுக்கு எதுக்குய்யா டிக்கெட்டு?"