மாமனாருக்குத் திறந்த கதவு

“நாய் இருக்குற வீட்டுக்குள்ள செத்தவங்க வரமாட்டாங்க. இதுகூடவா தெரியாது?”

மாமியார் மல்சுன் இதை மருமகள் யோன்ஜுவிடம் சொல்லவில்லை. படையல் தட்டில் இருந்த பேரிக்காயிடம் சொன்னாள். வந்ததிலிருந்து மருமகளின் முகத்தை அவள் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

மாமனாரின் திதி. மேசையில் சோறு, சூப், முழு மீன், முட்டையில் தோய்த்துச் சுட்ட மாட்டிறைச்சி. பின்னால் மடக்குத் திரை. அதன் முன்னால் சட்டத்துக்குள் மாமனார். படத்திலும் அவர் சிரிக்கவில்லை.

நாய் குளியலறைக்குள் அடைபட்டுக் கிடந்தது.

பானையின் அடியில் பிடித்த சோற்றுப் பொருக்கின் நிறம் அதற்கு. அதனால் நூருங்ஜி என்று அந்தப் பொருக்கின் பெயரையே வைத்துவிட்டார்கள். நாய்கள் காப்பகத்திலிருந்து வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன.

இந்த வீட்டில் இதற்கு முன் ஒரு மீன்கூட வளர்ந்ததில்லை. அதனால் எல்லாமே தப்பாகத்தான் நடந்தது. ஆசையாகக் காரமான கிம்ச்சி ஊறுகாயை ஊட்டி அதன் வயிற்றைக் கெடுத்தார்கள். சூடேற்றிய தரையில் கம்பளியும் விரித்துப் படுக்கவைத்தார்கள். அது நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு, செருப்பு கழற்றும் இடத்தின் குளிர்ந்த கல்லில் போய்ச் சுருண்டது. நம்மைப் பிடிக்கவில்லை போல என்று மூன்று பேரும் வருத்தப்பட்டார்கள்.

ஒன்று மட்டும் நிம்மதி. அது குரைக்காது. மேல் வீட்டுக்காரர்களும் கீழ் வீட்டுக்காரர்களும் இன்னும் சண்டைக்கு வரவில்லை. இதற்குக் குரலே கிடையாதோ என்று மகள் சேபோம்தான் கவலைப்பட்டாள்.

யோன்ஜுவின் கணவன் கீதே சோபாவில் உட்கார்ந்தால் நாய் அவனுடைய இடப்பக்கம் வந்து ஒட்டிக்கொள்ளும். கீதேவுக்கு இடது காது கேட்காது. சின்ன வயதில் காய்ச்சலில் கேட்காமல் போய்விட்டதாக மல்சுன் சொல்வாள்.

போன வாரமே அவள் ஃபோனில் பேசி முடித்துவிட்டாள். நாயால் திதி கெட்டால் மறுநாள் காலையில் அது காப்பகத்துக்குப் போய்விட வேண்டும். கீதே சரி என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து சேபோம் அப்பாவோடு பேசவில்லை. யோன்ஜு பேசினாள். பேசாமலே இருந்திருக்கலாம்.

இப்போதும் அவள் வாய் சும்மா இருக்கவில்லை. அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்.

“உசுரோட இருந்தப்ப நம்ம வாசப்படி மிதிக்காதவரு. செத்தப்புறம் நாய்க்குப் பயந்துதான் வராம இருக்கப்போறாராக்கும்.”

உங்கள் வீட்டில் இப்படித்தான் பேசப் பழக்கினார்களா என்று மல்சுன் பேரிக்காயிடம் கேட்டாள். கீதே நல்ல காதையும் கேட்காத காதாக்கிக்கொண்டு ஊதுவத்தியைக் கொளுத்தினான்.

கதவைத் திறக்கச் சொன்னாள் மல்சுன். அவர் வர வேண்டுமே.

கீதே வாசல் கதவைத் திறந்து, தானாக மூடிக்கொள்ளாமல் இடுக்கில் ஒரு செருப்பைச் செருகினான்.

நாய் வளர்த்துப் பழகியவர்கள் என்றால் அதற்கு முன் குளியலறைத் தாழ்ப்பாளை ஒரு பார்வை பார்த்திருப்பார்கள்.

கிண்ணத்தில் மது ஊற்றி, நான்கு பேரும் நெற்றி தரையில் பட வணங்கினார்கள். குனிந்திருந்தபோதே காதில் விழுந்தது, தரையில் நகங்கள் தட்டும் சத்தம்.

நிமிர்ந்தபோது நூருங்ஜி வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

“ஓடித் தொலையட்டும்,” என்றாள் மல்சுன். அவள் குரலில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது.

அது ஓடவில்லை. செருப்புகளுக்கு நடுவில், திறந்த கதவுக்குக் குறுக்கே நின்றது.

வெளியே நடைவழி விளக்கு எரிந்தது. ஆள் நடமாட்டம் தெரிந்தால் தானாக எரியும் விளக்கு. நடைவழியில் யாரும் இல்லை.

நாயின் முதுகு மயிர் குத்திட்டு நின்றது. அடித்தொண்டையில் ஓர் உறுமல். பிறகு, இந்த வீட்டுக்கு வந்து முதல் முறையாக, அது குரைத்தது. விட்டால் கடித்துவிடும் குரைப்பு. ஓரடி முன்னால் வைத்தது. பின்வாங்கவில்லை.

சேபோம் அழ ஆரம்பித்தாள். இனி மாமியார் வாயிலிருந்து என்ன வரும் என்று யோன்ஜுவுக்குத் தெரியும். பதிலுக்குத் தான் சொல்லப்போவதையும் நாக்கு நுனியில் தயாராக வைத்துக்கொண்டாள்.

மல்சுன் எழுந்துவிட்டாள்.

முழங்கால் வலி என்று மாடிப்படி ஏறாதவள் எழுந்த வேகத்தில் கிண்ணம் உருண்டது. வாசலுக்கும் மகனுக்கும் நடுவில் போய் நின்றாள். கை தானாக உயர்ந்து கீதேவின் இடது காதைப் பொத்தியது.

எதுவும் கேட்காத காதை.

தலை நரைக்கத் தொடங்கிய கீதே, கண்ணை இறுக மூடி, அடி விழப்போவதுபோல் தோள்களுக்குள் தலையை இழுத்துக்கொண்டான். அம்மாவும் மகனும் யாரும் சொல்லித்தராமலே அப்படி நின்றார்கள். பலமுறை நின்று பழகியவர்களைப் போல.

யோன்ஜுவின் நாக்கு நுனியில் இருந்தது அங்கேயே கரைந்துபோனது.

“கதவச் சாத்துடி,” என்றாள் மல்சுன். முதல் முறையாக மருமகளின் முகத்தைப் பார்த்தாள். “சீக்கிரம்.”

யோன்ஜு செருப்பைக் காலால் தள்ளினாள். கதவு மூடிப் பூட்டிக்கொண்டது.

நூருங்ஜி குரைப்பதை நிறுத்தியது. ஒன்றும் நடக்காததுபோல் வந்து கீதேவின் இடப்பக்கம் உட்கார்ந்தது.

செத்தவர் சாப்பிட ஆரம்பிக்கச் சோற்றில் கரண்டியைக் குத்தி நிறுத்த வேண்டும்; மாமனாரின் சோற்றில் இன்னும் குத்தவில்லை. மல்சுன் இறைச்சித் தட்டைப் படையலிலிருந்து எடுத்தாள். படத்தின் பக்கம் திரும்பாமல் அதை நாயின் முன்னால் தரையில் வைத்தாள்.

“காலைல காப்பகத்துக்குப் போகணும்,” என்றாள்.

சேபோம் பாய்ந்து நாயைக் கட்டிக்கொண்டாள்.

“எனக்கும் ஒண்ணு பாக்கணும்டி. அங்க நான் தனியாத்தான இருக்கேன்.” நாய் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நல்லாக் குரைக்கிறதா இருக்கணும்.”