ககோஷிமாவிலிருந்து ஒரு விருந்தாளி

"ஒரே ஒரு பொய்தானே, தமாயோ சான்! வெளியூர்க்காரி மாதிரி வந்து நின்னா போதும்."

குடியிருப்புச் சங்கத் தலைவி கிரிஹரா தெருக்கோடி வீட்டு வாசலில் நின்று கெஞ்சினாள்.

தமாயோ கதவை முழுசாகத் திறக்கவில்லை. கணவர் இறந்துபோனதிலிருந்து அந்தக் கதவு அப்படித்தான். பாதிக்கு மேல் திறக்காது.

"நான் எங்கேயும் வர்றதில்லைன்னு தெரியுமில்ல?"

"தெரியும். ஆனா தொகுமாரு சானை நினைச்சுப் பாருங்க. தண்ணி ஆபீஸ்லேர்ந்து ரிட்டையர் ஆனதும், ஊரைச் சுத்திக் காட்டறேன்னு கொடியைத் தூக்கிக்கிட்டு ரயில் ஸ்டேஷன்ல நிக்கறார். நம்ம அகிமோரியைப் பார்க்க எவன் வருவான்? இந்த ஞாயித்துக்கிழமை அஞ்சு பேராவது சேரலைன்னா நகராட்சி நிறுத்திடுமாம். மனுஷன் இடிஞ்சு போயிடுவார்."

"ஐயோ பாவம்!"

வாய் தவறி வந்துவிட்டது. கிரிஹரா அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தமாயோ பெரிய தொப்பி, கறுப்புக் கண்ணாடி, முகமூடி சகிதம் ஸ்டேஷனுக்குப் போனாள். ரெண்டு தெரு தள்ளி இருக்கிற மனுஷன், அடையாளம் தெரிந்து தொலைத்தால் எல்லாம் பாழ்.

மஞ்சள் கொடியோடு நின்ற தொகுமாரு குனிந்து வணங்கினார். "வாங்கம்மா, வாங்க! எந்த ஊரு?"

"க... ககோஷிமா."

"அடேங்கப்பா! நாட்டோட அந்தக் கோடி! எரிமலை சௌக்கியமா?"

"சௌக்கியம்தாங்க. அப்பப்போ கொஞ்சம் புகையும்."

"புகையட்டும், புகையட்டும்."

மொத்தம் அஞ்சு பேர், எல்லார் முகத்திலும் முகமூடி. அப்பாடா, மானம் பிழைத்தது என்று தமாயோ மூச்சு விட்டாள்.

முதலில் நடுரோட்டில் நிறுத்தினார். "இதோ பாருங்க, எங்க ஊர்ப் பொக்கிஷம்!"

பாதாளச் சாக்கடை மூடி. மேலே பேரிக்காய்ப் பூ வரைந்து வண்ணம் அடித்திருந்தது. முப்பது வருஷமாகக் காய்கறிப் பையோடு மிதித்துக்கொண்டு போன மூடிதான். ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை. "அட, நல்லாத்தான் இருக்கு!" என்று நிஜமாகவே சொன்னாள்.

பக்கத்தில் நின்ற ஆள் ஹொக்கைடோவாம். கழுத்தில் கிடந்த துண்டில் 'அகிமோரி முடிதிருத்தகம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

தமாயோ அவர் காதோரம் சீறினாள். "துண்டைத் திருப்பிப் போடுங்கய்யா!"

அவர் திடுக்கிட்டார். "நீங்களுமா?"

"நானும்தான். பாவம், பெரியவர்."

"ஆமாமா, ரொம்பப் பாவம்."

கோவிலில் ஒற்றைக் காது நரிச் சிலை. "இன்னொரு காது எங்கேன்னு கேளுங்க," என்றார் தொகுமாரு. "பக்கத்து ஊர் நரியோட சண்டை. ஆனா, அந்த ஊருக்குப் போய்ப் பாருங்க, அங்கே நரிக்கு வாலே இல்லை!"

தமாயோ சத்தமாகச் சிரித்துவிட்டாள். சிரித்தபிறகுதான் சிரித்தோமென்று உறைத்தது. எத்தனை மாசமாச்சு!

"கழிவறை வேணும்கிறவங்க வலது பக்கம்..." என்று அவர் ஆரம்பித்தார்.

"அது ஞாயித்துக்கிழமை பூட்டியிருக்குமே! நூலகத்துக்குப் பின்னாடி போகணும்," என்றாள் தமாயோ.

முடிதிருத்தகக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"பார்த்தீங்களா!" என்றார் தொகுமாரு பெருமையாக. "எங்க ஊர்க் கழிவறை நிலவரம் ககோஷிமா வரைக்கும் பரவியிருக்கு!"

கடைசியில் பேரிக்காய்த் தோட்டம். நறுக்கிய பழம் வந்தது. முகமூடியைக் கழற்றாமல் எப்படித் தின்பது? அஞ்சு பேரும் முழித்தார்கள். நல்லவேளை, தொகுமாரு திரும்பி நின்று ரொம்ப நேரம் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவி மனுஷன், ஒன்றும் தெரியவில்லை என்று தமாயோ மூன்று துண்டு சாப்பிட்டாள்.

வழியனுப்ப ஸ்டேஷன் வரை வந்தார்.

"மறுபடியும் வருவீங்களாம்மா?"

அந்த முகத்தைப் பார்த்து எப்படி இல்லையென்பது? "எனக்கு எங்கேங்க முடியும்? அடுத்த வாரம் என் தங்கச்சி வருவா. ஒகினாவாலேர்ந்து. அச்சு அசல் என்னை மாதிரியே இருப்பா."

"தாராளமா வரட்டும்!"

விடைகொடுத்து வணங்கக் குனிந்த மனுஷன், அவள் ரயிலேறும்வரை நிமிர்வதாகத் தெரியவில்லை. வேறு வழி? தமாயோ உள்ளே போய், ரயிலேறி, அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, எதிர் ரயிலில் திரும்பி வந்தாள். ஒரு நல்ல காரியம் பண்ணின நிறைவில் அந்த அலைச்சல்கூடத் தெரியவில்லை.

வெளியே வந்தால், காபி மெஷினுக்கு அந்தப் பக்கம் தொகுமாருவின் குரல். சட்டென்று ஒதுங்கினாள்.

"தெருக்கோடி வீட்டம்மா எப்படி?" கேட்டது சாட்சாத் கிரிஹரா.

"பிரமாதம்! சிரிச்சாங்க, சாப்பிட்டாங்க. அடுத்த வாரம் ஒகினாவாலேர்ந்து வர்றாங்களாம்."

"தொப்பி போட்டா உங்களுக்கு அடையாளம் தெரியாதுன்னு நினைச்சுட்டாங்க பாவம்! சனிக்கிழமையானா உங்களுக்குக் கூட்டம் அலைமோதுது. நகராட்சி எங்கே நிறுத்தப் போகுது? முடிதிருத்தகக்காரர்கிட்டேயும் இதே புளுகு, வீட்டுக்குள்ளேயே அடைஞ்சு கிடக்கற மத்த மூணு பேர்கிட்டேயும் இதே புளுகு. என்னால இனிமே முடியாதுப்பா!"

தமாயோவுக்குக் காதெல்லாம் சூடானது. அப்போ யாருக்கு யார் பாவம் பார்த்தது! நறுக்கென்று நாலு கேள்வி கேட்டுவிடுவதென்று ஓர் எட்டு எடுத்தும் வைத்தாள்.

"புளுகித்தான் ஆகணும்," என்றார் தொகுமாரு. "'வெளியே வாங்க, மனசு ஆறும்'னு எத்தனை தடவை அவங்க வாசல்ல போய் நின்னீங்க, வந்தாங்களா? 'ஒரு மனுஷன் கஷ்டத்துல இருக்கான்'னு ஒரே ஒரு தடவை சொன்னீங்க, தொப்பியை மாட்டிக்கிட்டு ஓடி வந்துட்டாங்களே!"